பூசையில் வைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூசை அன்று காலை ஒன்பது மணிக்கு அருள்ராஜின் போன் அடித்தது. அடித்திருக்கவே கூடாத நாள். அன்றைக்கு ஆரணியில் யாரும் யாரையும் ரிப்பேர் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். தறி நின்றிருக்கும், மில் நின்றிருக்கும், லாரிக்கு வாழைக்கன்று கட்டியிருக்கும். கம்ப்யூட்டரையும் முதல் நாளே அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு உட்கார வைத்திருப்பார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூசை போட்டுக் கற்பூரம் காட்டிய பிறகுதான் எதன் மேலும் கை வைப்பார்கள். அணைத்து வைத்த மிஷின் எங்கே கெடப் போகிறது? வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அருள்ராஜ் லுங்கியோடு வீட்டில் இருப்பான்.

கூப்பிட்டவர் ஜீவகுமார். ரைஸ் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய சமணக் குடும்பம். அவர் வீட்டில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை. ஊர் முழுக்க அணைந்து கிடந்த காலையில் அவர் வீட்டு மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அருள்ராஜ், நல்ல நாளும் அதுவுமா கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதப்பா. ஞாயித்துக்கெழம நீ வந்து புதுசா விண்டோஸ் போட்டியே, அதுல ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது. போட்டோ, நான் டைப் பண்ணது, எல்லாத்துக்கும் பின்னால ஏதோ நாலு எழுத்து ஒட்டிகினு இருக்குது."

"வைரஸா இருக்கும் சார். தோ வந்துட்டேன்."

மனைவி மதிவதனி சுண்டலைத் தாளித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்குமா?"

"ஒரு மணி நேரம். ஜல்தியா வந்துடறேன்."

ஒரு மணி நேரம் என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவளுக்குப் பதினோரு வருஷ அனுபவம் இருந்தது.

அருள்ராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெள்ளார் பக்கத்துக் கிராமம். அப்பா சடையன் பிறத்தியார் நிலத்தில் உழைத்தே முதுகு வளைந்தவர். நிலத்துக்காரர் வீட்டுக்குக் கூலி கேட்கப் போனால் மாட்டுக் கொட்டகைப் பக்கமாக வந்து நிற்கச் சொல்வார்கள். நிற்பார். மகன் வந்தவாசியில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஆரணிக்கு வந்தான். வந்த இரண்டு வருஷத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் முன்வாசல் வழியாக நேராகக் கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஃபேனைப் போட்டார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், அவர்கள் குடிக்கும் டம்ளரிலேயே காபி கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிற வீட்டில் சாதி கேட்க யாருக்கு நேரம்? 'டாக்டர் வந்துட்டாரு' என்று பிள்ளைகள் கத்தும். அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அருள்ராஜுக்கு அப்பாவின் முதுகு ஞாபகம் வரும். யாரிடமும் சொல்ல மாட்டான்.

டாக்டரின் மருந்தெல்லாம் ஒரே ஒரு பச்சை பென்டிரைவில் இருந்தது. அதில் விண்டோஸ் இருக்கும். கூடவே, அதைக் காசு கொடுத்து வாங்கியது போலக் காட்டுகிற ஒரு சின்ன கிராக் இருக்கும். திருட்டு விண்டோஸ் என்று சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் கோபம் வராது. கடையில் வாங்கிப் போட்டேன் என்று சொன்னால்தான் ஆளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பழைய பென்டிரைவ் சித்திரையில் செத்துப் போனது. புதியதை ஏதோ ஒரு சைட்டிலிருந்து இறக்கி ரெடி பண்ணிக்கொண்டான். அந்த சைட்டின் பேரைக் கேட்டால் இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. அந்த ஆறு மாசத்தில் அதை வைத்து நாற்பத்து மூன்று வீடு.

ஜீவகுமார் வீட்டில் அவன் பார்த்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் ஃபைல். ஒவ்வொன்றின் வாலிலும் அந்த நாலு எழுத்து. திறந்தால் வெறும் கிறுக்கல். பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் எறிந்த மாதிரி. இப்படிச் செய்கிறவர்கள் பணம் கேட்டு ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போவார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். தேடிப் பார்த்தான், சீட்டும் இல்லை. எதையும் கேட்காமல், எதற்கு என்றும் சொல்லாமல் செய்திருந்தது.

"எல்லாம் போச்சாப்பா?" என்றார் ஜீவகுமார்.

"பாக்கறேன் சார். மொதல்ல விண்டோஸ திரும்பப் போட்டுப் பாத்துடறேன். போடறப்ப ஏதாவது தப்பாயிருக்கும்."

டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி போட்டான். பச்சைப் பென்டிரைவ்தான். இருபத்தைந்து நிமிஷம். கிராக்கைப் போட்டு, மிஷினை ஒரு தரம் அணைத்துத் திறந்து, சோதனைக்காகத் தன் போனிலிருந்து இருபது போட்டோவை ஏற்றினான். அவன் மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள். ஐந்து நிமிஷம் எல்லாம் நன்றாக இருந்தது. ஆறாவது நிமிஷம், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் போட்டோவின் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து வந்து உட்கார்ந்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. அவசரமே இல்லாமல் வரிசையாக நடந்தது.

டிஸ்க்தான் கெட்டது என்று நினைத்தான். அதைக் கழற்றிவிட்டுப் பையில் இருந்த தன் சொந்த டிஸ்க்கை மாட்டி மறுபடி போட்டான். அதே ஐந்து நிமிஷம், அதே நாலு எழுத்து. மெமரி ஸ்டிக்கை மாற்றினான். அதிலும் அதுவே. மத்தியானம் ஜீவகுமாரின் மனைவி ரத்னாவதி அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். பருப்பும் பூசணிக்காய்க் கூட்டும். ஜீவகுமாருக்கு இலை போட்ட அதே வரிசையில் அவனுக்கும் போட்டிருந்தது. என்ன சாப்பிட்டான் என்று அவனுக்குத் தெரியாது.

சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது மாற்றிப் பார்க்க வேறு சாமான் இல்லை. டிஸ்க் மாறிவிட்டது, மெமரி மாறிவிட்டது. மாறாமல் இருந்தது ஒன்றுதான். அதை அவன் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். அது கம்ப்யூட்டரின் முகத்தில் பச்சையாகக் குத்திக்கொண்டு நின்றது.

இந்த முறை விண்டோஸை மட்டும் போட்டான், கிராக்கைப் போடவில்லை. அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகளின் போட்டோக்கள் சும்மா இருந்தன. கிராக்கைப் போட்டான். ஐந்து நிமிஷம். போயிற்று.

சரி, பென்டிரைவில்தான் விஷம். ஆனால் ஆறு மாசமாக அதையேதானே போட்டு வருகிறான். இதே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை போட்டது செவ்வாய்க்கிழமை வரை ஒழுங்காக ஓடியிருக்கிறது. இன்றைக்கு மட்டும் என்ன வந்தது?

இன்றைக்கு அக்டோபர் ஒன்றாம் தேதி.

மிஷினை அணைத்துத் திறந்து, அதன் உள் கடிகாரத்தை ஒரு நாள் பின்னால் தள்ளினான். செப்டம்பர் முப்பது என்று வைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். கிராக்கையும் போட்டான். அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கடிகாரத்தை ஒன்றாம் தேதிக்குக் கொண்டுவந்தான். அணைத்துத் திறந்தான். ஐந்து நிமிஷம் கழித்து மகளின் போட்டோக்களுக்குப் பின்னால் நாலு எழுத்து.

ஆறு மாசமாக அது நாற்பத்து மூன்று வீட்டில் பேசாமல் உட்கார்ந்து தேதி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. அவன்தான் வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறான். இன்றைக்கு அந்த மிஷின்களெல்லாம் மாலையும் கழுத்துமாக அணைந்து கிடப்பதால் பிழைத்தன. நாளைக் காலையில் கற்பூரம் காட்டிவிட்டு ஒவ்வொருவரும் பட்டனை அமுக்குவார்கள். அதுவும் நாளை வியாழக்கிழமை, ஆறு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். ஆகவே ஆறு மணிக்குள் எல்லோருமே அமுக்கிவிடுவார்கள்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. மிஷினைத் திறக்காமல் வைத்திருந்தால் போதும். அவன் போய் டிஸ்க்கைக் கழற்றி, வேறு ஒரு நல்ல மிஷினில் மாட்டி, ஃபைலையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஃபைல்கூடப் போகாது. திறக்காதீர்கள் என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

"இன்னாப்பா, தெரிஞ்சிதா?" ஜீவகுமார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

அருள்ராஜ் வாயைத் திறந்தான். நான் போட்டதுதான் சார் கெட்டது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாற்காலியின் கைப்பிடி அவன் உள்ளங்கையில் அழுந்தியது.

"வைரஸ் சார். ஊர்ல சுத்திகினு இருக்குது. நெட்டுல எங்கிருந்தோ வந்திருக்குது."

"போனா போவுது. போட்டோ பையன் ஜினேஷ் கிட்டயும் இருக்குது. நம்ம ஜனங்க ஊர் ஊரா இருக்கற குடும்பம், பேரு, ஒறவுமொறன்னு ஒம்போது மாசமா டைப் பண்ணிகினு வந்தேன். அதான் போச்சு. திரும்ப ஒக்காந்து பண்ணணும்." அவர் அவன் தோளில் கை வைத்தார். "நீ இன்னா பண்ணுவ, பாவம். நாள் கெழமையில வந்து பொழுதெல்லாம் ஒக்காந்துட்ட."

அவர் திட்டியிருந்தால் அருள்ராஜ் ஒருவேளை சொல்லியிருப்பான். தோளில் கை வைத்துவிட்டாரே. அந்த இடம் வெளியே வந்து வண்டியை எடுக்கும்வரை சுட்டது.

கமண்டல நாகநதிப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் போன் போட ஆரம்பித்தபோது மணி நாலு. பண்டிகை நாள், கடைகள் பாதி சாத்திக் கிடந்தன. எப்போதும் எங்கிருந்தாவது கேட்கும் தறிச் சத்தம் இல்லாமல் ஊர் காது அடைத்தாற்போல இருந்தது. முதலில் பன்னீர்செல்வம். மில்லுக்குக் கணக்கு எழுதுகிறவர், வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்.

"அண்ணே, நாளைக்கு கம்ப்யூட்டர ஆன் பண்ணாதீங்க. ஊர்ல வைரஸ் ஒண்ணு சுத்திகினு இருக்குது. நான் வந்து பாத்துட்டு சொல்றேன்."

பன்னீர்செல்வம் சிரித்தார். "வேற யாரு கிட்டயாவது போட்டிருந்தா பயப்படணும். நீ போட்டதாச்சே அருளு, அதுக்கு இன்னா ஆவும்? விஜயதசமி அன்னைக்கி மிஷின போடாதன்னு சொல்றியே, வாயில வர வார்த்தையா இது?"

அடுத்தது கற்பகம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பத்திரம் டைப் அடித்துத் தருகிறவர். "நீங்க போட்டுக் குடுத்தது தம்பி. கோயில் மாதிரி வச்சிருக்கேன். நம்மள எதுவும் அண்டாது."

இப்படியே இருபது பேர். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். எல்லோரும் அவன் பெயரையே எடுத்து அவனுக்குக் காட்டினார்கள். ஊரில் வேறு எந்த மெக்கானிக் சொல்லியிருந்தாலும் இவர்கள் பயந்திருப்பார்கள். சொன்னவன் அருள்ராஜ், மிஷினில் போட்டவனும் அருள்ராஜ், ஆகவே பயமில்லை. அவன் பத்து வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பேர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அவன் எச்சரிக்கையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. 'நான் போட்டதில்தான் கோளாறு' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எல்லோரும் நம்புவார்கள். இருபது தரமும் அந்த வார்த்தையைச் சேர்க்காமலே போனை வைத்தான். ஒரு தரம் சொன்னால் பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரியும். நாளைக்கு யார் அவனைக் கூடத்தில் உட்கார வைப்பார்கள்? தெள்ளார்க்காரன் கிட்ட குடுத்தா இப்படித்தான் என்று பேசாமல் விடுவார்களா? அவனை மட்டும் பேச மாட்டார்கள், அப்பனையும் சேர்த்துப் பேசுவார்கள். பாவி, அதை மட்டும்தான் நினைத்தான்.

ஜெயப்ரியாவுக்கு அவன் போன் போடவில்லை. நேரில்தான் போக வேண்டும் என்று கடைசியாக வைத்திருந்தான்.

ஜெயப்ரியா கொசப்பாளையத்தில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைந்து, தறியின் தலைமேல் இருக்கும் பெட்டிக்குப் புரிகிற மாதிரி ஏற்றிக் கொடுப்பாள். பன்னிரண்டு வருஷம், ஆயிரத்துக்கு மேல் டிசைன். சுற்றியுள்ள முப்பது தறிக்கு அவள் மிஷினில் இருந்துதான் பார்டர் போகிறது. ஒரு முந்தானை வரைய இருபது நாள்கூட ஆகும். கண் பார்வைக்காகப் போன வருஷம் கண்ணாடி மாற்றினாள். ஆடியில் அவளுடைய பழைய விண்டோஸ் விழுந்தபோது அருள்ராஜ்தான் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். "இன்னொரு டிஸ்க்குல காப்பி எடுத்து வச்சிடலாமா தம்பி?" என்று அவள் அன்றைக்கே கேட்டாள். "நான் இருக்கறேன் இல்லக்கா, அப்புறமா வந்து பண்ணித் தரேன்" என்றான். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

அவன் போனபோது பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றியிருந்தார்கள். கூடத்தில் கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை. மானிட்டரின் நடு நெற்றியில் சந்தனம், கீபோர்டில் குங்குமம், மவுஸ் பக்கத்தில் பொரியும் கடலையும். ஜெயப்ரியாவின் புருஷன் வேலு, தறி ஓட்டுகிறவன், தட்டில் சுண்டல் கொண்டுவந்து வைத்தான்.

"வா அருளு. நல்ல நேரத்துல வந்த."

அருள்ராஜ் உட்கார்ந்தான். நாற்காலியை அவளே இழுத்துப் போட்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்குக் காலைல இத போடாதீங்க. ஊர்ல வைரஸ் சுத்திகினு இருக்குது. இப்பவே டிஸ்க்க கழட்டிக் குடுத்தீங்கன்னா நான் எடுத்துகினு போய் காப்பி பண்ணிடுவேன்."

வேலுவின் முகம் மாறிவிட்டது. "பூசைல வச்சத கழட்டறதா? சாமி எதிர்ல நின்னுகினு இன்னா பேச்சு பேசற?"

"நீங்க சும்மா இருங்க, தம்பி நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுது" என்றாள் ஜெயப்ரியா. அவன் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு அத தொடக் கூடாது தம்பி. ஒரு நாளு அதுக்கு ஓய்வு. நாளைக்கு காலைல அதுல மொதல்ல ஒரு சின்ன அன்னம் போடுவேன், வருஷா வருஷம். அதுக்கப்புறந்தான் மத்த வேலையெல்லாம். அத மட்டும் விட மாட்டேன்."

"நான் அஞ்சு மணிக்கு வந்துடறேன்க்கா. நான் வந்தப்புறம் போடுங்க."

"சரி, வாங்க." பிறகு அவளாகவே கேட்டாள். "ஏன் தம்பி மூஞ்சி இப்படி இருக்குது? ஒடம்பு சரியில்லையா? நம்ம மிஷினுக்கு ஒண்ணும் இல்லையே?"

அதுதான் நேரம். அவள் கேட்டேவிட்டாள். ஆம், இருக்கிறது, நான்தான் ஆடியில் என் கையால் உள்ளே வைத்தேன் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அருள்ராஜ் ஒரு கை சுண்டலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றான்.

வீட்டுக்குப் போய் மதிவதனியிடம் மட்டும் சொன்னான். அவள் ஒன்றும் திட்டவில்லை. "அந்தக்கா கிட்ட சொன்னியா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றான். அது அன்றைய கடைசிப் பொய்.

மறுநாள் சொன்னபடி ஐந்து மணிக்கு ஜெயப்ரியா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். பையில் காலி டிஸ்க் இரண்டு வைத்திருந்தான். தெருவில் அப்போதே வீட்டுக்கு வீடு கோலம் போட்டாயிற்று, ஊதுவத்தி வாசனை. இன்று சொல்லிவிடுவது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். டிஸ்க்கைக் கழற்றி ஃபைலையெல்லாம் காப்பாற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வது. அப்போது சொன்னால் அவ்வளவு கஷ்டமாக இருக்காது. எப்படிப்பட்ட யோசனை பாருங்கள்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் கற்பூரப் புகை. ஜெயப்ரியா ஈரத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு அன்னம், கழுத்து வரை முடிந்து, அலகு இன்னும் வராமல் இருந்தது.

"வாங்க தம்பி!" திரும்பாமலே சொன்னாள், குரலில் அத்தனை சந்தோஷம். "நாலரைக்கே நல்ல நேரம்னு இவரு எழுப்பிட்டாரு. நீங்க சொன்னத மறக்கல. வைரஸு நெட்டுல தானே வரும்? ஒயரப் புடுங்கி வெளிய போட்டுட்டுத்தான் ஆன் பண்ணேன். இனிமே அது எப்படி உள்ள வரும், சொல்லுங்க!"

பிடுங்கிய ஒயரைச் சுருட்டி ஜன்னல் மேல் வைத்திருந்தாள். அவன் சொன்ன பொய்யை அவள் உண்மையென்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற காவலும் போட்டிருந்தாள். உள்ளே இருப்பதற்கு ஒயர் எதற்கு?

அருள்ராஜ் அன்னத்தைப் பார்க்கவில்லை. டிஸ்க் ஓடுவதைக் காட்டும் கேபினட்டின் சிவப்பு விளக்கைப் பார்த்தான். அது விட்டு விட்டு மின்ன வேண்டும். விடாமல் எரிந்துகொண்டிருந்தது. திறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஓடிப் போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினான். திரை இருண்டது, அன்னம் போயிற்று.

"ஐயோ, இன்னா தம்பி!" என்று எழுந்தாள். வேலு சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தான்.

அருள்ராஜ் டிஸ்க்கைக் கழற்றினான். அவசரத்தில் ஒரு ஸ்க்ரூ எங்கோ உருண்டது. கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் மாட்டினான். டிசைன் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தான். மயில் ஒன்று, மயில் இரண்டு, மாங்காய் பார்டர், ருத்ராட்சம், கல்யாண முந்தானை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நாலு எழுத்து. கீழே இறக்கினான், இன்னும் கீழே இறக்கினான். கடைசிப் பக்கத்தில் பதினோரு டிசைன் மட்டும் பழைய பெயரோடு இருந்தது. ஆயிரத்தில் பதினொன்று.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் தோளுக்கு மேலே குனிந்து படித்தாள். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயர்களை வைத்தவள் அவள்தானே.

"நெட்டுல இருந்து வரலக்கா" என்றான் அருள்ராஜ். "நான் ஆடியில போட்டேனே, அந்த பென்டிரைவ்ல இருந்தது. நான் போட்டதுதான். நேத்து தேதிக்குன்னு உள்ள ஒக்காந்துகினு இருந்திருக்குது."

வேலு கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ஜெயப்ரியா அவன் குறுக்கே கையை நீட்டினாள்.

"இது நேத்து சாயங்காலம் இங்க வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவள் மாலை போட்ட கறுத்த திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பூச கலஞ்சிடும்னா சொல்லல? நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா பூசைய கலைச்சிருப்பனே, தம்பி" என்றாள். "சாமி கிட்ட நான் சொல்லிக்க மாட்டனா?"

பக்கத்து வீட்டில் மணி அடித்துக் கற்பூரம் காட்டுகிற சத்தம் கேட்டது. அருள்ராஜ் போனில் மணி பார்த்தான், ஐந்தே கால். எமகண்டத்துக்கு முக்கால் மணி இருந்தது, இன்னும் நாற்பத்தொரு வீடு இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கூடத்தில் நின்றபடியே கற்பகத்தின் நம்பரை அழுத்தினான். நாற்காலியில் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

"அக்கா, அருள்ராஜ் பேசறேன். மிஷினத் தொடாதீங்க. நேத்து நான் சொன்னது பொய்."